இறுகிப்போன நட்டுக்கு இண்டக்ஷன் ஹீட்டர்: 1000 வாட் கையடக்கக் கருவி எங்கே பலன் தரும், எங்கே தராது

ஆயிரம் வாட் கையடக்க இண்டக்ஷன் ஹீட்டர் (காந்தப்புலத்தால் இரும்பைச் சூடாக்கும் கருவி), வண்டி எஞ்சினில் புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் பக்கத்து நட்டுகளுக்கும் ஆக்சிஜன் சென்சாருக்கும் மிக நன்றாக வேலை செய்கிறது. எஞ்சினின் மேல்மூடியான சிலிண்டர் ஹெட்டுக்குள் நீளமாக இறங்கி நிற்கும் போல்ட்டுக்கு அதன் உதவி பாதிதான். ஒடிந்து ஹெட்டின் மட்டத்தோடு நிற்கும் ஸ்டட்டுக்கு (தலையில்லாத திருகுத் தண்டு) அதை நம்பி உட்காரக் கூடாது. வாங்கலாமா என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமான பதில் இது. ஆனால் எந்த இடத்தில் எவ்வளவு நேரம் சூடு கொடுப்பது, சூட்டோடு திருப்புவதா ஆறவிட்டுத் திருப்புவதா என்பது தெரியாமல் வாங்கினால், நல்ல கருவி கையில் இருந்தும் ஸ்டட் ஒடியத்தான் செய்யும்.

இந்த வகைக் கருவிக்குப் பெயர் வாங்கித் தந்தது இண்டக்ஷன் இன்னோவேஷன்ஸ் நிறுவனத்தின் மினி-டக்டர். இப்போது அதே உருவத்தில் பல பெயர்களில் கிடைக்கிறது. அமைப்பு எல்லாவற்றிலும் ஒன்றுதான்: பெரிய டார்ச் லைட் அளவில் ஓர் உடல், பின்னால் மின்கம்பி, முன்னால் இரண்டு திருகு முனைகள், அவற்றில் மாட்டும் செப்புக் காயில். பெட்டியில் வழக்கமாக மூன்று நான்கு அளவுகளில் சுற்றி வைத்த காயில்களும், நாமே சுற்றிக்கொள்ளும் நீளமான வளையும் காயில் ஒன்றும் இருக்கும். சிலவற்றில் தட்டையான பேட் காயிலும் சேர்ந்து வரும்.

காயிலில் ஓடும் மின்சாரம் விநாடிக்குப் பல்லாயிரம் முறை திசை மாறுகிறது. அதனால் உண்டாகும் காந்தப்புலம் உள்ளே இருக்கும் இரும்பில் சுழல் மின்னோட்டத்தைக் கிளப்பி, இரும்பையே சூடாக்குகிறது. காயிலே சூட்டை உண்டாக்கி இரும்புக்குத் தருவதில்லை. இரண்டு விளைவுகளை இங்கே கவனிக்க வேண்டும். முதலாவது, இந்த மின்னோட்டம் எஃகின் மேல்தோலில், ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான ஆழத்தில்தான் ஓடுகிறது. உள்ளே இருக்கும் மரைக்கு, அதாவது திருகு வரிகளுக்கு, சூடு கடத்தல் வழியாகத்தான் போக வேண்டும், அதற்கு நேரம் பிடிக்கும். இரண்டாவது, சுமார் 770 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் இரும்பு காந்தத் தன்மையை இழக்கிறது, அதன் பிறகு சூடு ஏறுவது சட்டென்று மந்தமாகிவிடும். அலுமினியத்தை இது ஏறக்குறைய தொடுவதே இல்லை. காந்தம் ஒட்டாத ஸ்டெயின்லெஸ் எஃகு மெதுவாகத்தான் சூடேறும். ஆகவே வேலை தொடங்கும் முன் ஒரு சிறு காந்தத்தை எடுத்து நட்டில் ஒட்டிப் பார்ப்பது நல்லது. ஒட்டாவிட்டால் மூன்று மடங்கு பொறுமை வேண்டும்.

இனி இந்தக் கருவியின் சொந்தக் களமான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் (சிலிண்டர்களின் புகையை ஒன்றுசேர்க்கும் குழாய்த் தொகுதி) நட்டைப் பார்ப்போம். எம்8 அல்லது எம்10, அதாவது 8 அல்லது 10 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஸ்டட்டின் மேல் உட்கார்ந்திருக்கும் நட், ஆயிரக்கணக்கான முறை சூடாகி ஆறி, துருவும் கரியும் மரைக்குள் இறுகிக் கெட்டிப்பட்டிருக்கும். இரும்பு துருவாகும்போது அதன் கன அளவு சில மடங்கு பெருகும். மரைக்குள் இருக்கும் சிறு இடைவெளியில் அது பெருக வேறு வழியில்லாததால் நட்டை உள்ளிருந்தே கவ்விக்கொள்கிறது. ஸ்பேனரின் நீளத்தைக் கூட்டி இழுத்தால் ஒடிவது ஸ்டட்டின் கழுத்துதான். நட் அசையாது.

முதல் வேலை, எஞ்சின் முழுதும் ஆறியிருக்கும்போது நட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மரையைக் கம்பி பிரஷ்ஷால் தேய்ப்பது. இதைத்தான் பெரும்பாலானோர் தவறவிடுகிறார்கள். நட் இளகி இரண்டு சுற்று வந்த பிறகு, வெளியே இருக்கும் துருப்பிடித்த மரையில் ஏறி மறுபடியும் இறுகுகிறது. அந்த இரண்டாவது இறுக்கத்தில் ஒடியும் ஸ்டட்டுகள் ஏராளம். தேய்த்த பிறகு பெனட்ரேட்டிங் ஆயிலை (இடுக்கில் ஊடுருவும் எண்ணெய்) அடித்து ஓர் இரவு விட்டுவிடலாம். மறுநாள் சூடு கொடுக்கும் முன் மேலே தங்கியிருக்கும் எண்ணெயைத் துணியால் துடைத்து எடுத்துவிட வேண்டும்.

அடுத்தது சாக்கெட். பன்னிரண்டு முனை சாக்கெட்டை ஒதுக்கிவிட்டு ஆறு முனை சாக்கெட்டை எடுக்க வேண்டும். துரு தின்ற 13 மில்லிமீட்டர் நட்டில் 13 சாக்கெட் ஆடினால், அரை அங்குல சாக்கெட்டைச் சுத்தியால் தட்டி ஏற்றிப் பார்க்கலாம். அரை அங்குலம் என்பது 12.7 மில்லிமீட்டர், அந்த 0.3 மில்லிமீட்டர் பிடிமானம் பல நேரங்களில் போதுமானது. சாக்கெட் சரியாக உட்காருகிறதா என்பதைச் சூடு கொடுப்பதற்கு முன்பே உறுதி செய்துவிட வேண்டும். சிவந்த நட்டை வைத்துக்கொண்டு சாக்கெட் தேடினால் கிடைத்த வாய்ப்பு ஆறிப்போய்விடும்.

காயிலின் உள்விட்டம் நட்டின் மூலைகளைவிட நான்கைந்து மில்லிமீட்டர் பெரிதாக இருந்தால் போதும். 13 மில்லிமீட்டர் நட்டுக்கு மூலைக்கு மூலை ஏறக்குறைய 15 மில்லிமீட்டர், ஆகவே 19 அல்லது 20 மில்லிமீட்டர் காயில் பொருந்தும். காயில் நட்டைச் சுற்றி நிற்க வேண்டும், ஸ்டட்டின் முனையைச் சுற்றி அல்ல. நட்டைத் தொடாமல் பிடித்துப் பொத்தானை அழுத்தினால் எம்8 நட் பத்து முதல் பதினைந்து விநாடிகளில் மங்கிய சிவப்புக்கு வந்துவிடும். எம்10 நட்டுக்கு இன்னும் சில விநாடிகள் ஆகும். பளிச்சென்று ஆரஞ்சு நிறம் வரும்வரை காத்திருப்பதில் எந்தப் பயனும் இல்லை. நட்டின் ஓரம் மென்மையாகி சாக்கெட்டில் உருண்டுவிடும்.

இங்கேதான் நேரக் கணக்கு முக்கியம். எஃகு ஒவ்வொரு டிகிரிக்கும் மீட்டருக்கு சுமார் 12 மைக்ரான் விரிகிறது. 8 மில்லிமீட்டர் நட் துளை 400 டிகிரி சூடேறினால் கிடைக்கும் கூடுதல் இடம் 0.04 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. மரையில் துருவின் பிடியை விடுவிக்க அது போதும். ஆனால் நட் மட்டும் சூடாகி ஸ்டட் குளிர்ந்திருக்கும் வரைக்கும்தான் அந்த இடம் இருக்கும். அரை நிமிடம் சும்மா விட்டால் சூடு ஸ்டட்டுக்கும் பரவி அதுவும் விரிந்து, கிடைத்த இடைவெளி மூடிக்கொள்ளும். எனவே வெளியே இருக்கும் நட்டுக்கு விதி இது: சூடாக்கு, காயிலை எடு, உடனே திருப்பு. பொத்தானை விட்டதும் அடுத்த ஐந்து விநாடிக்குள் சாக்கெட் நட்டின் மேல் இருக்க வேண்டும்.

திருப்பும்போது முதலில் இறுக்கும் திசையில் ஒரு மயிரிழை. பிறகு கழற்றும் திசையில் கால் சுற்று, திரும்ப உள்ளே எட்டில் ஒரு பங்கு, மறுபடி வெளியே. கையில் 'டக்' என்று ஒரு சின்ன விடுபடல் தெரிந்தால் துரு உடைந்துவிட்டது. அதற்கு மாறாக, திருப்பத் திருப்ப எதிர்ப்பு மாறாமல் மெத்தென்று வளைவது போலத் தெரிந்தால் முறுக்குவது ஸ்டட்டையே. அந்த உணர்வு வந்த நொடியில் நிறுத்திவிட்டு மறுபடியும் சூடு கொடுக்க வேண்டும். மூன்று நான்கு முறை இப்படிச் செய்வது சாதாரணம். கழன்ற நட்டைத் திரும்பப் போடக் கூடாது, புது நட்தான்.

உள்ளே இறங்கியிருக்கும் போல்ட்டுக்கும் ஸ்டட்டுக்கும் கணக்கு தலைகீழ். அலுமினிய ஹெட்டில் திருகியிருக்கும் எஃகு போல்ட்டைச் சூடாக்கினால், அது விரிந்து துளையை இன்னும் இறுக்கிப் பிடிக்கிறது. அந்த நேரத்தில் திருப்புவது தவறு. விரிந்த போல்ட் இடையிலிருக்கும் துருவையும் அலுமினிய உப்பையும் நசுக்கும், ஆறும்போது பழைய அளவுக்குச் சுருங்கி மெல்லிய விரிசலை விட்டுச்செல்லும். அந்த விரிசல்தான் நமக்குக் கிடைக்கும் லாபம். கை பொறுக்கும் சூட்டுக்குச் சற்று மேல், ஏறக்குறைய 70 முதல் 80 டிகிரிக்கு இறங்கியதும் போல்ட்டின் ஓரத்தில் ஒரு மெழுகுவர்த்தித் துண்டைத் தொட வைத்தால், மெழுகு உருகி மரைக்குள் இழுபட்டுப் போகும். பெனட்ரேட்டிங் ஆயிலை இந்தக் கட்டத்தில் விடலாம், ஆனால் அதைவிட மெழுகு பாதுகாப்பானது. பிறகு முழுதும் ஆறவிட்டு, இதே சுழற்சியை இரண்டு மூன்று முறை செய்துவிட்டுத்தான் ஸ்பேனரை எடுக்க வேண்டும்.

இந்த இடத்தில் கருவியின் பெரிய குறையும் தெரிகிறது. தெர்மோஸ்டாட் மூடியையும் வாட்டர் பம்ப்பையும் பிடிக்கும் எம்6, எம்8 போல்ட்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். தலைக்குக் கீழே இரண்டு மூன்று சென்டிமீட்டர் தள்ளித்தான் மரை தொடங்குகிறது. பல நேரங்களில் இறுகியிருப்பது மரைகூட அல்ல. மூடியின் அலுமினியத் துளைக்குள் போல்ட்டின் தண்டு வெள்ளைப் பொடியாகக் கட்டிக்கொண்டிருக்கும். காயில் சூடாக்குவது தலையை மட்டும். தண்டு வழியாக இறங்கும் சூட்டை, எஃகைவிடப் பல மடங்கு நன்றாகச் சூடு கடத்தும் அலுமினியம் வழியிலேயே இழுத்துக்கொள்ளும். தலை சிவந்திருக்கும்போது மரை இருக்கும் இடம் நூறு டிகிரியைக்கூடத் தொட்டிருக்காது. தலை சிவந்ததைப் பார்த்து நம்பிக்கையோடு திருப்பினால், மென்மையான தலை மட்டும் தனியாகக் கையில் வரும்.

இப்படிப்பட்ட போல்ட்டுக்குச் செய்ய வேண்டியது குறைந்த சூடு, நீண்ட நேரம். ஐந்து விநாடி சூடு, பத்து விநாடி ஓய்வு என்று இருபது தடவை கொடுத்தால் தலை சிவக்காமலே தண்டு முழுதும் சூடு இறங்கும். அதைவிட நல்ல வழி, இண்டக்ஷனை ஒதுக்கி வைத்துவிட்டு ஹாட் ஏர் கன்னால் சுற்றியுள்ள அலுமினியத்தை 120 முதல் 150 டிகிரி வரை சூடாக்குவது. அலுமினியம் எஃகைவிட ஏறக்குறைய இரு மடங்கு விரிவதால் துளை தானே பெரிதாகும், அப்போது சூட்டோடு திருப்பலாம். 200 டிகிரியைத் தாண்ட விடாதீர்கள். வெப்பப் பதம் செய்த அலுமினியம் அதற்கு மேல் நெடுநேரம் நின்றால் வலுவை இழக்கும். எஃகைப் போல அது சிவந்து எச்சரிக்கவும் செய்யாது, நிறம் மாறாமலே உருகும் நிலைக்குப் போய்விடும்.

ஆக்சிஜன் சென்சார் இந்தக் கருவிக்குக் கிடைத்த வரம் என்றே சொல்லலாம். மரை எம்18க்கு 1.5 (18 மில்லிமீட்டர் விட்டம், வரிக்கு வரி 1.5 மில்லிமீட்டர்), தலை 22 மில்லிமீட்டர், திருகியிருப்பதோ எஃகுக் குழாயில் பற்றவைத்த எஃகு வளையத்தில். பழைய சென்சார் எப்படியும் மாற்றப் போவதுதான் என்றால் அதன் கம்பியை வெட்டிவிட்டு, பெரிய காயிலை மேலிருந்து இறக்கி அடியிலிருக்கும் வளையத்தைச் சுற்றி நிறுத்தலாம். சூடு வளையத்துக்குப் போக வேண்டும், சென்சாரின் தலைக்கு அல்ல. முப்பது நாற்பது விநாடி விட்டு விட்டுச் சூடாக்கி, கம்பி நுழையப் பக்கத்தில் வெட்டு விட்ட சென்சார் சாக்கெட்டுக்குப் பதிலாக முழு ஆறு முனை நீளச் சாக்கெட்டைப் போட்டு உடனே திருப்பினால் பெரும்பாலும் முதல் முறையிலேயே இளகும். கம்பி ஏற்கெனவே வெட்டப்பட்டதால்தான் முழு சாக்கெட் ஏறுகிறது. வெட்டுள்ள சாக்கெட் அதிக அழுத்தத்தில் விரிந்து தலையை உருட்டிவிடும். சென்சாரைத் திரும்பப் பயன்படுத்த நினைத்தால் இந்த முறை வேண்டாம், உள்ளேயிருக்கும் பீங்கான் திடீர்ச் சூட்டில் விரிசல் விடும்.

மரைப் பசை போட்டு இறுக்கிய போல்ட்டுகளிலும் கருவி கச்சிதம். நீல நிற நடுத்தரப் பசைக்குச் சூடே தேவையில்லை, கைக் கருவி போதும். லாக்டைட் 271 போன்ற சிவப்புப் பசை சுமார் 250 டிகிரியில்தான் இளகும், அதுவும் சூடாக இருக்கும்போதே கழற்ற வேண்டும். ஆறினால் மறுபடி பிடித்துக்கொள்ளும். போல்ட் சிவக்க வேண்டிய அவசியமே இல்லாத வேலை இது. எட்டுப் பத்து விநாடி கொடுத்து, கொஞ்சம் நேரம் சூடு இறங்க விட்டு, மறுபடி ஐந்து விநாடி கொடுத்தால் சரியாக இருக்கும். லேசர் வெப்பமானி வைத்திருப்பவர்கள் பளபளப்பான எஃகில் அது குறைத்துக் காட்டும் என்பதை நினைவில் வைக்கவும். துரு படிந்த அல்லது கறுப்பான பரப்பில் காட்டும் அளவு நம்பத்தக்கது.

ஸ்பார்க் பிளக், குளோ பிளக் (டீசல் எஞ்சினைக் குளிரில் கிளப்ப உதவும் சூடேற்றி), டீசல் இன்ஜெக்டர் ஆகியவற்றுக்காக மட்டும் இந்தக் கருவியை வாங்க நினைத்தால் வேண்டாம். மூன்றும் குழிக்குள் இருக்கும், காயில் எட்டாது. ஸ்பார்க் பிளக்கை ஆறிய எஞ்சினில் முன்னும் பின்னுமாக ஆட்டித்தான் எடுக்க வேண்டும். குளோ பிளக் எஞ்சின் சூட்டில்தான் இளகும், அதற்கும் முறியும் எல்லை மிகச் சிறியது: எம்8க்கு ஏறக்குறைய 20 நியூட்டன் மீட்டர், எம்10க்கு 35. டார்க் ரெஞ்சை (திருப்பு விசையை அளக்கும் ஸ்பேனர்) அதற்குக் கீழே வைத்து, அது கிளிக் செய்தால் நிறுத்திவிட்டு எண்ணெய் விட்டுக் காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. கிராங்க் புல்லியிலும் காயிலை நீட்ட வேண்டாம். வெளி வளையத்தையும் நடுப்பகுதியையும் இணைப்பது ரப்பர், அது வெந்தால் புல்லி நழுவும். பின்னாலேயே ஆயில் சீல் இருக்கிறது. நைட்ரைல் ரப்பர் சீல் 100 முதல் 120 டிகிரி வரையிலும், வைட்டான் சீல் 200 டிகிரி சுமாருக்கும்தான் தாங்கும். கருகிய வைட்டானிலிருந்து ஹைட்ரஜன் ஃப்ளோரைடு வரும், அந்தக் கரியை வெறும் கையால் தொடக் கூடாது.

ஒடிந்த ஸ்டட் பற்றிச் சொல்லாமல் இந்த மதிப்பீடு முடியாது, ஏனென்றால் பலர் இந்தக் கருவியைத் தேடுவதே ஒன்று ஒடிந்த பிறகுதான். ஐந்து மில்லிமீட்டராவது வெளியே நின்றால் காயிலை அதைச் சுற்றிப் பிடித்து, சூடாக்கி, ஆறவிட்டு, மெழுகு கொடுத்து, வைஸ் கிரிப்போ ஸ்டட் கழற்றியோ போட்டுத் திருப்பலாம். மட்டத்தோடு ஒடிந்திருந்தால் வெல்டிங்தான் முதல் தேர்வு. ஸ்டட்டின் மேல் ஒரு நட்டை வைத்து உள்ளே மிக் வெல்டிங்கால் நிரப்பினால், பற்றவைக்கும் சூடு ஸ்டட்டின் உள்ளிருந்தே கீழே இறங்குகிறது. காயில் தர முடியாதது அதுதான். அலுமினியத்தில் எஃகு வெல்டிங் ஒட்டாது என்பதால் துளைக்கு அவ்வளவாகச் சேதமும் இல்லை. சிவப்பு போய்க் கறுத்த பிறகு ஸ்பேனர் போட வேண்டும். முதல் நட் பிய்ந்துவிட்டால் மனம் தளர வேண்டாம். இரண்டாவது, மூன்றாவது நட்டில் வருவதே வழக்கம், ஒவ்வொரு பற்றவைப்பும் ஒரு சூட்டுச் சுழற்சி.

ஒடிந்த போல்ட்டைக் கழற்ற விற்கப்படும் கூம்பு வடிவ ஈஸி-அவுட்டை அடித்து ஏற்றுவதை இந்த இடத்தில் ஆதரிக்க முடியாது. கூம்பு உள்ளே போகப்போக ஸ்டட்டை விரித்துத் துளையில் மேலும் இறுக்குகிறது. அதன் எஃகு மிகக் கடினமானது, உடையும்போது மொட்டையாக உடையும். அதற்குப் பிறகு சாதாரண டிரில் பிட் அதில் வழுக்கிக்கொண்டு பக்கத்து அலுமினியத்தைத் தின்னும். டிரில் செய்துதான் ஆக வேண்டும் என்றால் கழற்றும் திசையில் சுழன்று துளைக்கும் இடது சுற்று பிட் எடுத்து, நடுப்புள்ளியைத் துல்லியமாகக் குத்தி, 3 மில்லிமீட்டரில் தொடங்குங்கள். பிட் பிடித்துக்கொள்ளும் நொடியிலேயே ஸ்டட் கழன்று வரும் வாய்ப்பு உண்டு. வராவிட்டால் எம்8க்கு 1.25 மரையின் கீழ்த்துளை 6.8 மில்லிமீட்டர், அதுவரை துளைத்து மீதியிருக்கும் மரையைக் கொத்தி எடுக்கலாம். அதுவும் கெட்டால் 8.3 மில்லிமீட்டர் துளைத்து ஹெலிகாயில் (புது மரை தரும் கம்பிச் சுருள்).

கேஸ் டார்ச்சோடு ஒப்பிட்டால், சுத்தச் சூட்டின் அளவில் டார்ச்சே பெரியது. எம்14க்கு மேற்பட்ட பெரிய போல்ட்டுக்கும் கனமான வார்ப்பிரும்புக்கும் 1000 வாட் காணாது, ஆக்சி-அசிட்டிலீன்தான் அங்கே வேலை செய்யும். ஆனால் எஞ்சின் அறையில் டார்ச்சின் நெருப்பு நட்டோடு நிற்பதில்லை. பக்கத்து வயர், பிளாஸ்டிக் குழாய், ஸ்டியரிங் பூட் எல்லாவற்றையும் நக்கிக்கொண்டு போகும். இண்டக்ஷனில் காயிலிலிருந்து இரண்டு விரல் தள்ளி இருக்கும் ரப்பர் குழாய்க்கு ஒன்றும் ஆவதில்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே வீட்டில் வேலை செய்பவர்களுக்கு இதைப் பரிந்துரைக்கலாம். உறைய வைக்கும் ஸ்ப்ரேக்களும் இந்த வரிசையில் பேசப்படுகின்றன. அவை உலோகத்தை மைனஸ் 40 சுமாருக்குக் குளிர்விக்கின்றன என்றே வைத்துக்கொண்டாலும், அறை வெப்பத்திலிருந்து மாறுவது 60, 70 டிகிரிதான். எம்8 போல்ட்டில் கிடைக்கும் சுருக்கம் 0.007 மில்லிமீட்டருக்குள் நின்றுவிடும். சூடு தரும் இடைவெளியில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. எண்ணெயை உள்ளே இழுக்க அது உதவும், வலுவாக இறுகியதை விடுவிக்காது.

நெருப்பு இல்லை என்பதால் தீப்பிடிக்காது என்று நினைப்பது ஆபத்து. சிவந்த நட்டில் எண்ணெய் சொட்டினால் அது பற்றும். பெட்ரோல் குழாய் அருகே எந்தச் சூடும் கூடாது, தீயணைப்பான் கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் சுத்தம் செய்த இடத்தை ஒருபோதும் சூடாக்காதீர்கள், அது சிதைந்து ஃபாஸ்ஜீன் என்ற நச்சு வாயு உண்டாகும். துத்தநாகப் பூச்சுள்ள போல்ட்டை அதிகச் சூடாக்கினால் எழும் வெள்ளைப் புகையை மூச்சில் இழுத்தால் காய்ச்சல் வரும், காற்றோட்டம் அவசியம். பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் இந்தக் கருவியைத் தொடவே கூடாது. மோதிரம், கடிகாரம் அணிந்த கையும் காயில் பக்கம் போகக் கூடாது. பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றி, பக்கத்திலிருக்கும் சென்சார் இணைப்புகளைப் பிரித்து ஒதுக்குங்கள். வீல் பேரிங்கில் காந்த வளையம் உள்ள ஏபிஎஸ் வகை என்றால் அங்கே காயிலைக் கொண்டுபோக வேண்டாம், வளையத்தின் காந்தப் பதிவு கெட வாய்ப்புண்டு.

சிவந்த போல்ட்டின் மேல் தண்ணீர் ஊற்றி ஆற்றும் பழக்கத்தையும் விட்டுவிட வேண்டும். போல்ட் எஃகு திடீரென்று குளிர்ந்தால் கண்ணாடி போல் கடினமாகி நொறுங்கும், பிறகு டிரில்லும் ஏறாது. பக்கத்து வார்ப்பிரும்பு விரிசல் விடலாம். இன்னொன்று, 8.8, 10.9 என்ற வலுத் தர எண் கொண்ட போல்ட்டுகள் 425 டிகிரிக்குக் குறையாத சூட்டில் பதப்படுத்தப்பட்டவை. அதைவிட அதிகச் சூடு கண்ட போல்ட் தன் வலுவை இழந்துவிட்டது. பார்க்க நன்றாக இருந்தாலும் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது போடுங்கள்.

கருவியை வாங்கும்போது வாட் எண்ணிக்கையைவிட முதலில் பார்க்க வேண்டியது காயில் மாட்டும் முனை. திருகு உறுதியாகக் கவ்வ வேண்டும். தளர்ந்தால் முனையே சூடாகி உருகும். அடுத்தது காயில் தனியாகக் கிடைக்குமா என்பது. காயில் தேய்மானப் பொருள்தான். சிவந்த நட்டில் பட்டுப் பட்டு அதன் கண்ணாடி நார் உறை கருகும், உறை கிழிந்து செம்பு நட்டைத் தொட்டால் பொறி பறந்து கருவியின் உள்சுற்று போய்விடும். அடிக்கடி வளைத்தால் செம்பு விறைத்து முறியும். 20 மில்லிமீட்டர் காயிலில் இரண்டு உபரியாக வாங்கி வைப்பது சரியான செலவு. மூன்றாவது, தொடர்ந்து எவ்வளவு நேரம் ஓட்டலாம் என்று கையேட்டில் தெளிவாகப் போட்டிருக்கிறதா என்பது. இந்த அளவுக் கருவிகள் ஓரிரு நிமிடம் ஓடினால் அதே அளவு ஓய்வு கேட்கும். சூடேறினால் தானே நிற்கும் பாதுகாப்பு இல்லாத மாடலை வாங்கக் கூடாது. வளையும் காயிலை எத்தனை சுற்று சுற்றலாம் என்பதைக் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். சுற்றுகள் ஒன்றையொன்று தொடக் கூடாது. 230 வோல்ட்டில் 1000 வாட் என்பது நாலரை ஆம்பியருக்குள்தான், ஆனாலும் நீளமான மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயரில் வோல்ட்டேஜ் விழுந்தால் சூடும் விழும்.

துருப்பிடித்த எக்ஸாஸ்ட் வேலை அடிக்கடி வரும் பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு இது வாங்கத் தகுந்தது. ஒரே ஒரு நட்டுக்காக என்றால் யாரிடமாவது இரவல் வாங்குவதோ வாடகைக்கு எடுப்பதோ போதும். வெல்டிங் மெஷினும் ஹாட் ஏர் கன்னும் ஏற்கெனவே இருப்பவர்கள் இதை அவசரமாக வாங்க வேண்டியதில்லை.

திரும்பப் பூட்டும்போது மரைத் துளையைப் பழைய மரையைத் துலக்கும் டேப்பால் சுத்தம் செய்து, எக்ஸாஸ்ட் மரைகளுக்கு நிக்கல் கலந்த ஆன்ட்டி-சீஸைத் (மரை இறுகாமல் தடுக்கும் பசை) தடவுங்கள். சென்சாரின் முனையில் அது படக் கூடாது. உலர்ந்த மரைக்கென்று கையேட்டில் சொன்ன டார்க்கை வழுக்கும் மரையில் அப்படியே கொடுத்தால் ஸ்டட் கூடுதலாக இழுபடும், அதனால் கையேடு எந்த நிலைக்குச் சொல்கிறது என்று பார்த்துக் குறைத்துக்கொள்ள வேண்டும். புது கேஸ்கெட் போட்ட மேனிஃபோல்ட் நட்டுகளை, எஞ்சினை ஒரு முறை முழுச் சூட்டுக்குக் கொண்டுபோய் முழுதும் ஆறிய பிறகு, நடுவிலிருந்து ஓரத்துக்கு வரிசையாக மறுபடி டார்க் சரிபார்த்துவிட்டு வெப்பக் கவசத்தை மாட்டலாம்.